லோர்னாவின் யன்னலுக்கு வெளியே

காலை 8.10, பீலெஃபெல்ட். மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. வாராந்த விடுமுறையில் டுசல்டோர்ஃபுக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையில் நடக்கவோ, ஜப்பானியத் தெருவில் சாப்பிடவோ போவார்கள். நான் ஒரு கடிதத்தை வாசிக்கப் போனேன். போகும்போதே கோபத்தோடுதான் ரயிலேறினேன்.

என்னோடு வந்தவள் ஜாஸ்மின். நான் வேலைசெய்யும் முதியோர் இல்லத்தில் என் பகுதியிலேயே தாதி. இருபத்தொன்பது வயது. பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவள். ஜேர்மனிக்கு வந்து மூன்று வருடம். புதன்கிழமை இடைவேளையில் அவள் தன் கைபேசியில் ஒரு கடிதத்தின் படத்தைக் காட்டினாள். டுசல்டோர்ஃபில் சின்னக் கடை வைத்திருக்கும் லோர்னா என்ற பெண்ணுக்கு வீட்டு உரிமையாளர் அனுப்பிய கடிதம். வெளியே ஆட்கள் உட்காரும் வாங்கை அகற்ற வேண்டும். யன்னல் வழியாக விற்கக் கூடாது. பொட்டலம் பிரித்துச் சில்லறையாக விற்கக் கூடாது. கடைக்கு முன்னால் ஆட்கள் கூடக் கூடாது. நான்கு வாரத்துக்குள் செய்யாவிட்டால் கடையைக் காலிசெய்ய வேண்டும். படம் மங்கல்; கீழே இருந்த பெயர் தெரியவில்லை. மிச்சத்தை வாசிக்கவே எனக்குக் காது சூடாகிவிட்டது. சனிக்கிழமை நானே வருகிறேன் என்றேன்.

இதில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்பது வயதில் அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். பத்து வயதில் எனக்கு டொச், அதாவது ஜேர்மன் மொழி, ஓடத் தொடங்கியது. அகதிகள் விடுதியில் இருந்த அத்தனை குடும்பங்களின் கடிதங்களையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். வைத்தியரிடமும் அலுவலகங்களிலும் பெரியவர்களுக்காக நானே பேசினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கடிதம் என்றால் என் கை தானாக நீளும்.

எங்கள் இருவரிடமும் மாதம் அறுபத்து மூன்று யூரோ பயணச்சீட்டு இருந்ததால் தனியாகச் செலவில்லை. பீலெஃபெல்டிலிருந்து டுசல்டோர்ஃப் ஏறக்குறைய நூற்று எண்பது கிலோமீட்டர். இந்த வண்டியில் இரண்டு மணித்தியாலம்.

9.00, ஹம். இறங்கினவர்களைவிட ஏறினவர்கள் அதிகம். இரவு வேலை முடித்துச் சீருடையோடு ஏறிய இரண்டு பெண்கள் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து உடனே தூங்கிப்போனார்கள். ஜாஸ்மின் தன் ஊர்க் கடைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் நான்கு கடைகள். எல்லாமே யாரோ ஒருவரின் வீட்டு முன்னறைதான். தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரு யன்னல், அதற்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைச் சாரி-சாரிக் கடை என்பார்கள். பலவகை என்று அர்த்தமாம். ஷாம்பு சின்னச் சின்னப் பைகளில் சரமாகத் தொங்கும். ஒரு முட்டை வாங்கலாம், ஒரு பல் உள்ளி வாங்கலாம். சமையல் எண்ணெயைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். ஒரு சிகரெட் வாங்குகிறவர், கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போவார். அன்றாடம் கூலி வாங்குகிறவர்களின் ஊரில் அன்றைய கூலிக்கு அன்றைய சாமான். இப்படிப் பிரித்து விற்பதற்கு அவர்கள் மொழியில் ‘திங்கி’ என்று பெயர்.

கடையில் யாரும் தெரியாவிட்டால் யன்னலுக்கு முன்னால் நின்று “பபிலி போ” என்று கூப்பிட வேண்டுமாம். வாங்க வந்திருக்கிறேன் என்று பொருள். கடைசியில் வரும் ‘போ’ மரியாதைச் சொல். எங்கள் ‘வாங்கோ’வில் வரும் ‘கோ’ மாதிரி. தமிழ்க் காதுக்கு வாசலில் நின்று விரட்டுவதுபோலக் கேட்கிறது என்றேன். ஜாஸ்மின் சிரித்தாள்.

பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள். யாருக்குக் காய்ச்சல், எந்தக் கப்பலுக்கு ஆள் எடுக்கிறார்கள், வெளிநாட்டுக்குப் போன எந்த மகள் தொலைபேசியில் அழுதாள் என்பதெல்லாம் அந்த யன்னலில்தான் முதலில் தெரியும். சூறாவளி வரும்போது கடைசியாக மூடுவதும் போனபிறகு முதலில் திறப்பதும் அந்த யன்னல்தான். டுசல்டோர்ஃபில் அவள் முதல் எட்டு மாதம் ஒரு மருத்துவமனையில் வேலைசெய்தாள். டொச் விளங்காமல் ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு வாங்கிவிட்டு, அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவது என்று முடிவெடுத்து, வழிக்குத் தின்ன ஏதாவது வாங்க லோர்னாவின் கடைக்குப் போயிருக்கிறாள். லோர்னா அவளை வாங்கில் உட்காரவைத்தாள். அன்று அதே வாங்கில் இருந்த இன்னொரு தாதி சொல்லித்தான் பீலெஃபெல்டில் எங்கள் இல்லத்தில் இடம் இருப்பது அவளுக்குத் தெரியவந்தது. அந்த வாங்கைத்தான் அகற்றச் சொல்கிறார்கள்.

10.15, டுசல்டோர்ஃப் நிலையம். அங்கிருந்து ட்ராமில் பதினெட்டு நிமிடம், பிறகு ஆறு நிமிட நடை. தெருவின் பெயரைச் சொல்லமாட்டேன். ஐந்து மாடி வீடுகள், சாம்பல் நிறச் சுவர்கள், வரிசையாகக் கார்கள். அந்த வரிசையின் நடுவே தரைத்தளத்தில் இரண்டரை மீட்டர் அகலத்தில் ஒரு கடை. கதவுக்குப் பக்கத்து யன்னலில் பச்சை நிறக் கம்பி. அந்தப் பகுதியில் திருட்டுப் பயம் ஒன்றுமில்லை. கம்பி இல்லாத கடை கடை மாதிரி இல்லை என்று லோர்னா தானே செலவழித்துப் போட்டாளாம்.

லோர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளமான, அகன்ற தோள்களுள்ள பெண். எல்லோரும் அவளை ‘அத்தே லோர்னா’ என்கிறார்கள். அத்தே என்றால் அக்கா. எனக்குக் கோப்பி தந்தாள். கடிதத்தைப் பற்றி உடனே பேசவில்லை. சனிக்கிழமைக் காலை வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. நானும் வாங்கில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் இருபது பேராவது வந்திருப்பார்கள். நூடில்ஸ் ஒரு பக்கெற் எண்பது சதம். சின்ன ஷாம்புப் பை முப்பது சதம். முட்டை ஒன்று முப்பத்தைந்து சதம். ஒரே ஒரு பற்றரி வாங்கினாள் ஒரு மாணவி. கைக்குழந்தையோடு வந்த துருக்கியப் பெண் இரண்டு டயப்பர் வாங்கினாள். பெரிய கடைக்குப் போக நேரமில்லை, இன்றைக்கு இது போதும் என்றாள். இரண்டு ஃபிலிப்பினோத் தாதிகள் வேலைக்குப் போகும் வழியில் வீட்டுச் சாவியை லோர்னாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாலையில் வரும் அறைத்தோழி எடுத்துக்கொள்வாளாம்.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ஜேர்மன் முதியவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு முட்டையும் அரைப் பாணும் வாங்கினார். முட்டை நேற்றையதைவிடச் சின்னது என்று குற்றம் சொன்னார். லோர்னா இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். அதுவும் சின்னதுதான் என்றார். பிறகு வாங்கில் என் பக்கத்தில் முக்கால் மணிநேரம் இருந்தார். போன குளிர்காலத்தில் இவர் இரண்டு நாள் வராதபோது லோர்னா மாடியேறிப் போய்க் கதவைத் தட்டி, பதில் இல்லாமல் தீயணைப்புப் படையை அழைத்தாள் என்றும், அவர் குளியலறைத் தரையில் கிடந்தார் என்றும் ஜாஸ்மின் என் காதில் சொன்னாள். அவர் என்னிடம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக வேலைசெய்கிறேன். விழுந்து இரண்டு நாள் கிடந்தவர்களை எங்களிடம் கொண்டுவருவார்கள். எத்தனையோ படிவங்கள் நிரப்புவோம். எந்தப் படிவத்திலும் ‘முட்டை வாங்க வந்தாரா’ என்று ஒரு கேள்வி இல்லை. அதை நினைக்க எனக்கு ஆத்திரம் ஏறியது.

12.30. கடை கொஞ்சம் ஓய்ந்தது. லோர்னா கடிதத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு பக்கம். நான் வரிவரியாக எளிய டொச்சில் விளக்கினேன். அவள் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டாள். கடைசி வரிக்கு வந்தபோதுதான் கையெழுத்துக்குக் கீழே அச்சிட்டிருந்த பெயரைப் பார்த்தேன். இருபத்திரண்டு எழுத்து நீளமான பெயர். அப்படிப் பெயர் வைக்கிற சனம் உலகத்தில் ஒன்றுதான். கடிதம் எழுதியவர் எங்கள் ஆள்.

எனக்கு முதலில் வெட்கம் வந்தது. அந்த வெட்கம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, கோபமாகிவிட்டது. லோர்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அழைத்துவிட்டேன்.

“யா, பிற்றே?” என்று டொச்சில் கேட்டார் ஒருவர். நான் தமிழில் பேசினேன். அவர் குரல் உடனே மலர்ந்தது. ஊரில் எவடம் என்று கேட்டார். சொன்னேன். என் அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவரைத் தெரியும் என்றார். விசயத்தைச் சொன்னதும் குரல் சுருங்கியது. தான் பக்கத்தில்தான் இருப்பதாகவும் குப்பைத் தொட்டிகளைப் பார்க்க எப்படியும் வரவேண்டும் என்றும் சொன்னார்.

14.00. அவர் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், சுத்தமான மேலங்கி, கையில் சாவிக்கொத்து. உணவகத்தில் கோப்பை கழுவிப் பதினொரு வருடம், பிறகு தொழிற்சாலை, பிறகு மனைவியின் நகையையும் வங்கிக் கடனையும் வைத்து இந்த வீடு. அதை அவரே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். லோர்னாவுக்குத் தலையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைவாசலில், மழைக்கு ஒதுங்கி, தமிழில் தொடங்கினோம்.

“தங்கச்சி, நீங்கள் ஏன் இதுக்குள்ள வாறியள்? இது எங்கட ஆக்கள்ற பிரச்சினை இல்லையே.”

“அண்ணை, கடிதம் போட்டது எங்கட ஆள்தானே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். பின்னேரமானால் ஃபிலிப்பினோக்கள் வாசலில் கூடி நின்று கதைக்கிறார்கள், சிரிக்கிறார்கள், அது வீடா சந்தையா என்று பார்க்கிற சனம் கேட்கும் என்றார். ஃபிலிப்பினோக்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் அப்படித்தான் என்றார். ஃபிலிப்பினோக்கள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதி முதியோர் இல்லம் இழுத்து மூடவேண்டிவரும் என்றேன். ஃபிலிப்பினோக்களுக்கு ஒரு வாங்கு இருந்தால் உங்கள் வீடு இடிந்துவிடுமா என்றேன். என் குரல் உயர்ந்துகொண்டே போனது.

“நீங்கள் வந்த புதுசில எங்க நிண்டு கதைச்சனீங்கள், அண்ணை?”

“ஸ்டேசன்லதான்,” என்றார். “பொலிஸ் வந்து கலைக்கும். அது அந்தக் காலம். அது வேற.”

யார் முறைப்பாடு செய்தது என்று கேட்டேன். இரண்டாம் மாடியில் புதிதாக வந்த குடும்பம் எழுதியிருந்தது. கைபேசியில் அந்தக் கடிதத்தை வைத்திருந்தார். வாங்கி வாசித்தேன். நான்கு வரி. இரவு எட்டு மணிக்குப் பிறகு பாட்டுச் சத்தத்தைக் குறைத்தால் நல்லது, சைக்கிள்களை வாசல் கதவை மறிக்காமல் விடச் சொல்லுங்கள், அன்புடன் என்று முடிந்திருந்தது. வாங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. யன்னலைப் பற்றி இல்லை. சில்லறையாக விற்பதைப் பற்றி இல்லை. அவையெல்லாம் இவர் தானாகச் சேர்த்தவை.

அந்தத் தெருவில் நின்று நான் கத்தினேன். நான்கு வரிக் கடிதத்துக்கு ஒருத்தியின் ஒன்பது வருட உழைப்பை மூடப் பார்த்தீர்களே என்று கத்தினேன். எதிர்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது.

அவர் கத்தவில்லை. சாவிக்கொத்தைக் கைமாற்றினார். “வெள்ளைக்காரர் கடிதம் போட்டால் எனக்கு இண்டைக்கும் கை நடுங்கும், தங்கச்சி. வந்து முப்பத்தாறு வருசம். வீட்டையும் வாங்கியிட்டன். இன்னும் நடுங்குது. ஒரேயடியா எல்லாத்தையும் நிப்பாட்டினால் பிறகு ஒரு கடிதமும் வராது எண்டு நினைச்சன்.”

எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று வரவில்லை. கடிதத்தை வாபஸ் வாங்கியதாக எழுதித் தாருங்கள் என்றேன்.

“எங்கட ஆக்களுக்குள்ள எழுத்து என்னத்துக்கு? சொன்னால் சொன்னதுதான்.”

“இப்ப நான் உங்கட ஆள் இல்லை, அண்ணை. எழுதுங்கோ.”

அவர் முகம் கறுத்தது. லோர்னாவின் கொப்பியிலிருந்து ஒரு தாளை நானே கிழித்துக் கொடுத்தேன். மாடிப்படிச் சுவரில் வைத்து டொச்சில் எழுதினார். அடுத்த வருடம் யூலை வரை கடை இப்போது இருப்பதுபோலவே நடக்கலாம், யூலையில் ஒப்பந்தம் முடிவடையும் என்று இரண்டு வரி, பெரிய எழுத்தில். மூன்று பிழை இருந்தது. வாங்கு இருக்கும், யன்னல் இருக்கும், பதினாறு மாதம் கிடைத்தது. இது வெற்றி என்றுதான் நினைத்தேன். தாளை லோர்னாவிடம் நீட்டினேன்.

லோர்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தாள். இரண்டாம் தடவையும் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுடைய டொச் தட்டுத்தடுமாறும் டொச்தான்; ஆனால் அன்று ஒரு சொல்கூடத் தவறவில்லை.

“அரை மணிநேரம் என் கடைவாசலில் நின்று என் கடையைப் பற்றிப் பேசினீர்கள். உங்கள் மொழியில். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.”

நான் விளக்க முயன்றேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவளுடைய ஒப்பந்தத்தில், அவள் விரும்பினால் இன்னும் ஐந்து வருடம் நீடிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச, திங்கட்கிழமை ஒரு வழக்கறிஞரைச் சந்திக்க நேரம் குறித்து அவளுக்கு டெர்மீன் இருந்தது. அங்கே போகுமுன் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுக்குத்தான் ஜாஸ்மினிடம் உதவி கேட்டிருந்தாள். இந்தத் தாளை அவள் வாங்கிக்கொண்டால், யூலையில் போவதற்குச் சம்மதித்ததாக ஆகிவிடும்.

“வாசிக்கத்தான் கேட்டேன்,” என்றாள். “விற்கக் கேட்கவில்லை.”

தாளை என்னிடம் திருப்பித் தரவில்லை. நேராக அவரிடம் கொடுத்தாள். திங்கட்கிழமை நான்கு மணிக்கு வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு நீங்களும் வாருங்கள், எனக்குச் சொல்லவேண்டியதை எனக்கு டொச்சில் சொல்லுங்கள், எனக்கும் உங்களுக்கும் அது அந்நிய மொழிதான், சமாளிப்போம் என்றாள். அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நானும் அவரும் நடைபாதையில் ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தோம். லோர்னா உள்ளே போய்விட்டாள். ஒரு பெண் யன்னலுக்கு முன்னால் வந்து வினாகிரி கேட்டாள்.

நிலையம்வரை காரில் கொண்டுபோய் விடவா என்று அவர் என்னிடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

16.40, திரும்பும் வண்டி. டோர்ட்முண்ட்வரை ஜாஸ்மின் என் பக்கம் திரும்பவில்லை. நான் எனக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர்மேல் கோபம். அவருடைய நடுக்கத்தின்மேல் கோபம். அந்த நடுக்கத்தை அவருக்குப் பழக்கிய அலுவலகங்கள்மேல் கோபம். உண்மையைச் சொன்னால் லோர்னாமேலும் கோபம். ஒரு முழுநாளைக் கொடுத்துப் போனவளுக்கு ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கலாம்.

கடைசியில் நானே கேட்டேன், உனக்கும் என்மேல் கோபமா என்று. ஜாஸ்மின் யன்னலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்கள் மொழி எனக்கு விளங்காது. ஃபிலிப்பினோ என்ற சொல் மட்டும் விளங்கியது. அவரும் சொன்னார், நீயும் சொன்னாய், திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். லோர்னா என்ற பெயரை இரண்டுபேரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.”

ஹம் நிலையத்தில் வண்டி நின்றது, புறப்பட்டது.

செவ்வாய்க்கிழமை வேலையில் ஜாஸ்மின் முடிவைச் சொன்னாள். அவர் டெர்மீனுக்கு வந்திருக்கிறார். இருவரும் ஒரு மணித்தியாலம் தங்கள் தங்கள் டொச்சில் பேசியிருக்கிறார்கள். கடிதம் முழுதாக வாபஸ். ஐந்து வருட நீடிப்பை அவர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். எட்டு மணிக்குப் பிறகு பாட்டு இல்லை, சைக்கிள்கள் பின்முற்றத்தில். நான்கு வரியில் கேட்டது அவ்வளவுதான், கிடைத்ததும் அவ்வளவுதான். எனக்கு லோர்னா ஒரு செய்தியும் சொல்லி அனுப்பவில்லை.

பீலெஃபெல்டில் என் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. பதினைந்து வருடமாக அங்கேதான் சாமான் வாங்குகிறேன். பத்துக் கிலோ அரிசி, ஒரு பெட்டி மாம்பழம், காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவேன். அடுத்த சனிக்கிழமை அங்கே போனபோது, கடைக்காரரை ‘அண்ணை’ என்பதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தெரியாது என்று உறைத்தது. காசைக் கொடுத்துவிட்டு அவருடைய பெயரைக் கேட்டேன்.

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

“ஏன் தங்கச்சி, ஏதும் பிரச்சினையோ?” என்றார்.

ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். அவர் நம்பவில்லை. பெயரைச் சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.